எல்லா வரியிலும் என் பெயர்

“நீ நல்லா பாடம் எடுப்பம்மா. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா எனக்கு ஒரு சப்ஸ்டிடியூஷன் சீட்டு அனுப்புவியா நீ? மாட்ட. உனக்குக் கை வராது.”

சுந்தரமூர்த்தி சார் இதைச் சொன்னபோது அவர் கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. முதலில் எனக்கு நாலு கடலை கொடுத்தார், அப்புறம்தான் சொன்னார். குத்துவதற்கு முன்னால் தின்னக் கொடுப்பது அவர் வழக்கம். பொருளியல் ஆசிரியர், பள்ளியில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர். நான் உதவித் தலைமை ஆசிரியர் பொறுப்பை ஏற்கப்போகிறேன் என்ற செய்தி ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்த மதியம் அது. கடலையை மென்றுகொண்டே சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

போன சனிக்கிழமை அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியின் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அலுவலகத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த உதவித் தலைமை ஆசிரியர் அறையைக் காலி செய்ய வேண்டும். இரும்பு பீரோவின் அடித்தட்டை இழுத்தேன். கார்பன் தாள் வாசனை குப்பென்று வந்தது. மசியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் அந்தத் தாளைக் காட்டினால் என்னவென்று கேட்பார்கள். அதன் கீழே அடுக்கடுக்காக சப்ஸ்டிடியூஷன் நோட்டுகள். தூசியைத் தட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அறை காலியாவதற்குச் சாயங்காலமானது என்றால் அதற்கு நான்தான் காரணம்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு ஆசிரியர் விடுப்பில் போனால் அவருடைய வகுப்புகள் அனாதையாகிவிடும். அந்த நேரத்தில் பாடம் இல்லாமல் இருக்கும் இன்னொரு ஆசிரியரை அங்கே அனுப்ப வேண்டும். யார், எந்த வகுப்பு, எத்தனையாவது பாடவேளை என்று தினமும் காலையில் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார்கள். நோட்டில் கார்பன் பிரதி தங்கிவிடும். எழுதுகிறவர் உதவித் தலைமை ஆசிரியர். நாங்கள் ஏ.எச்.எம். என்போம். விடைத்தாள் திருத்தலாம், டீ குடிக்கலாம், கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய ஒரே ஒரு ஓய்வு நேரத்தில் அந்தச் சீட்டு போய் விழும். அதை அனுப்புகிறவரை யாருக்குப் பிடிக்கும்?

அதனால்தான் அந்தப் பொறுப்பு யாருக்கும் வேண்டாம். சம்பளத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. மாறுவதெல்லாம் மற்றவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வைதான். எங்கள் தலைமை ஆசிரியை பணிமூப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்கு மகள் பிளஸ் டூ. ஒருவர் வீடு மாறப்போகிறார். சுந்தரமூர்த்தி சார் காரணமே சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினார். கடைசியில் பட்டியல் என்னிடம் வந்து நின்றது. எனக்குக் கீழே இருந்தவர் பிரசவ விடுப்பில் இருந்தார்.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. எல்லோரும் கழித்துக் கட்டியதுதான் என் இலைக்கு வந்தது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் பெருமை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து எழுதப் படித்த முதல் ஆள் நான். கோவளம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் நாங்கள். அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போனபின் தாம்பரத்துக்கு வந்தோம். அம்மா மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்று சொன்னேன்.

“இன்னாது அது? ஹெட் மாஸ்டரா?”

“இல்லம்மா. அவங்களுக்கு அடுத்தது.”

“அடுத்ததுன்னா? அவுங்க வராட்டி நீயா?”

“அவங்க வந்தாலும் நான்தான் எல்லாத்தையும் பாக்கணும்.”

“அப்போ அவுங்க இன்னா பண்ணுவாங்க?”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. தலைமை ஆசிரியை இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

நோட்டுகளைப் புரட்டியபோது ஒன்று புரிந்தது. ஏ.எச்.எம். வேலையை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. அதற்கென்று ஒரு பயிற்சி கிடையாது, புத்தகம் கிடையாது. ஒருநாள் சாவியைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் பார்த்து வளர்ந்ததைத்தான் கொண்டுவந்து அந்த நாற்காலியில் போடுகிறார்கள்.

நான் படித்த பள்ளியில் மாசிலாமணி சார் என்று ஒரு ஏ.எச்.எம். இருந்தார். அவருடைய அப்பா பெருங்களத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருக்கும். பெஞ்சு ஆடினால் முட்டி போட்டு உட்கார்ந்து முடுக்குவார். குழாய் ஒழுகினால் நூல் சுற்றுவார். அவர் இருந்தவரை எங்கள் பள்ளியில் சுற்றாத மின்விசிறி ஒன்றுகூட இல்லை. ஆனால் மனிதர்களிடம் அந்த ஸ்க்ரூ டிரைவர் செல்லவில்லை. ஏழாம் வகுப்பில் ஒருநாள் நான் எதற்கோ அழுதுகொண்டிருந்தேன். வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், அண்ணாந்து மேலே இருந்த விசிறியைப் பார்த்தார். “காத்து வருதில்ல?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். காற்று நன்றாகத்தான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே ஏ.எச்.எம்மாக இருந்தவர் மெஹருன்னிசா மேடம். தாம்பரம் மார்க்கெட்டில் அவருடைய வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. சின்ன வயதில் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர். அந்தக் கடையை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விரித்துவிட்டார். காலையில் சீட்டு நோட்டோடு ஆசிரியர் அறைக்குள் அவரே வருவார். யார் முகத்தையாவது பார்த்துச் சிரிப்பார்.

“சார், இன்னைக்கு முதல் போணி உங்க கையால.”

போணி என்று சொல்லிவிட்டால் எந்த மனிதன் மாட்டேன் என்பான்? எழுந்து போவார்கள். இரண்டு பாடவேளை கேட்டு, முகம் சுளித்தால் ஒன்றாகக் குறைப்பார். “உங்களுக்காக ஒண்ணு தள்ளிட்டேன், வெளிய சொல்லிடாதீங்க.” உண்மையில் தேவைப்பட்டதே ஒன்றுதான். சண்டைக்காரர்களுக்குச் சீட்டே போகாது. வாடிக்கையாளரை இழந்துவிடக் கூடாதே. மிச்சம் இருக்கும் துண்டுத் துணியெல்லாம் என்னைப் போன்ற புதியவர்கள் தலையில். “நீ நம்ம வூட்டுப் பொண்ணு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, ஒரே நாளில் மூன்று கொடுத்துவிடுவார். வருத்தமாக இருக்கும், ஆனால் கன்னம் குளிர்ந்திருக்கும்.

அவரைப் பற்றிப் பேசும்போது ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். மேடம் அம்மாவிடம் வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் சளைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரி ஒரு பக்கம், மீன்காரி ஒரு பக்கம், பார்க்க வேண்டிய ஆட்டம். நான் பார்க்கவில்லை. தூக்குச் சட்டியோடு காய்கறி வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்றேன். பெருமைக்காரி என்று என்னை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெருமை அன்றைக்குக் கத்தரிக்காய் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

மேடம் மாறுதலாகிச் செங்கல்பட்டுப் பக்கம் போனார். சாவியும் நோட்டும் என் கைக்கு வந்தன. எட்டு சாவிகள் கொண்ட கொத்து. ஆய்வகம், விளையாட்டுப் பொருள்கள், பின்பக்க கேட், மாணவிகளுக்கான நாப்கின் வைக்கும் பீரோ, இன்னும் எதெதற்கோ.

முதல் நாள் காலை ஐந்து ஆசிரியர்கள் விடுப்பு. நோட்டைப் பிரித்தேன், கார்பன் தாளை வைத்தேன். ஓய்வாக இருக்கிறவர்களின் பெயர்களைப் பார்த்தேன். முதல் பெயர் சுந்தரமூர்த்தி சார். பேனா நின்றது. அடுத்த பெயர், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்து எழுதத் தன் பாடக்குறிப்பைக் கொடுத்து உதவிய அக்கா. அதற்கடுத்தவர் எப்போதும் முணுமுணுப்பவர். என்னால் முடியவில்லை. அந்தப் பெயர்களுக்குப் பதிலாக என் பெயரை எழுதினேன். முடிந்த இடத்தில் எல்லாம் என் பெயர். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு காலியாக இருந்தால் இரண்டையும் ஒரே அறையில் அடைத்து அதற்கும் நானே.

இதற்கு நான் அப்போது வைத்திருந்த நியாயம் மிக அழகானது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வேலை வாங்கியதில்லை. மற்றவர்கள்தான் எங்களை வேலை வாங்கினார்கள். அப்பா சென்ட்ரிங் வேலையில் மேஸ்திரியின் ஏச்சைக் கேட்டவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் இன்னொருவரிடம் “எழுந்து போ” என்று சீட்டு நீட்டலாமா? சுமையை நாமே தூக்க வேண்டும். அதுதான் நல்ல தலைமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்ற சொல்லை மட்டும் அந்தப் பேச்சில் சேர்க்கவில்லை.

பதினெட்டு வேலை நாட்கள் இப்படி ஓடின. தொண்டை கட்டியது. கால் வீங்கியது. ஆனால் ஆசிரியர் அறையில் எனக்கு அப்படி ஒரு பெயர். தங்கமான ஏ.எச்.எம். இதுவரைக்கும் இப்படி ஒருத்தர் வந்ததே இல்லை. வடை வாங்கினால் எனக்கு ஒன்று எடுத்து வைப்பார்கள். சாப்பிடத்தான் நேரம் இருக்காது. சுந்தரமூர்த்தி சார் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னைக்கும் எனக்குச் சீட்டு இல்லையாம்மா?” என்பார். இல்லை என்று நான் பெருந்தன்மையோடு சிரிப்பேன்.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. இடைவேளை முடிந்து நான்காம் பாடவேளை தொடங்கியதும் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவின் வகுப்பாசிரியர் நான் இருந்த வகுப்பு வாசலுக்கு ஓடி வந்தார். இளைஞர், அறிவியல் ஆசிரியர்.

“மேடம், யமுனாவக் காணோம். பை இருக்கு. பொண்ணு இல்ல.”

பை இருக்கிறது, பெண் இல்லை. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கழிப்பறைகளைப் பார்த்தோம். மொட்டை மாடியைப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தோம். புதுக் கட்டட வேலைக்கு லாரி வருவதற்காகப் பின்பக்க கேட் திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, இன்னொரு பக்கம் ரயில் தண்டவாளம்.

மூன்றாம் பாடவேளையில் ஏ.எச்.எம். வராந்தாக்களில் ஒரு சுற்று வர வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் வெகுநாள் பழக்கம். கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சுற்றில்தான். பதினெட்டு நாட்களாக அந்தச் சுற்றை யாரும் வரவில்லை. வர வேண்டியவள் ஏதோ ஒரு வகுப்பில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் இருந்த யமுனாவின் அம்மா எண் உபயோகத்தில் இல்லை என்றது. தலைமை ஆசிரியை காவல் நிலையத்துக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, வீட்டுக் கடன் விண்ணப்பம் இருந்தது, அதெல்லாம் மனதில் வந்ததா என்று கேட்டால் வரவில்லை. அந்தப் பெண்ணின் இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனும் மட்டும் கண்ணில் நின்றன. சுந்தரமூர்த்தி சார் யாரும் சொல்லாமலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். எல்லா நடைமேடையும் பார்த்துவிட்டேன், இல்லை என்று போன் செய்தார். அந்த மனிதரின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வகுப்பாசிரியரின் போன் அடித்தது. தெரியாத எண். அவர் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

“டீச்சரா? யமுனா அம்மா பேசறேன். பொண்ணு இங்கதான் கீது. பயந்துக்கினு கீறீங்களோன்னு போன் பண்ணேன்.”

நான் ஏதோ சொல்ல முயன்றேன். அழுகைதான் வந்தது.

“டீச்சர்? நீ இன்னாத்துக்கு அழுவுற? பொண்ணு நல்லாத்தான் கீது. டீ குச்சிக்கினு கீது.”

டீ குடித்துக்கொண்டிருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அலுவலகத்துச் செல்வி அக்கா தண்ணீர் கொண்டுவந்தார். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். மாடி வகுப்பில் யாரோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அந்தச் சத்தம் என் காதில் விழவேயில்லை.

மறுநாள் காலை யமுனாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மாவுக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை. வீடும் அங்கேதான். பெண் தினமும் சீசன் டிக்கெட்டில் ரயிலில் வந்து போகிறவள். நான் கோபத்தை எதிர்பார்த்து நின்றேன். அவர் கோபப்படவில்லை. மகளை முன்னால் தள்ளினார்.

“நீயே சொல்லு மிஸ்சாண்ட.”

யமுனா தரையைப் பார்த்தபடி சொன்னாள். “மூணு தடவ உங்க ரூமுக்கு வந்தேன் மிஸ். பூட்டி இருந்துச்சு.”

“எதுக்கு வந்த?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். “தூரமாயிட்டா. டிரெஸ்ஸு கறையாய்டுச்சு. கிளாஸ்ல ஆம்பள வாத்தியாரு, அவராண்ட இன்னான்னு சொல்லும்? நாப்கின் உன் ரூம்லதான் கீதாமே. ரூமு பூட்டிக்கினு இருந்தா இன்னா பண்ணும்? ஷால இடுப்புல சுத்திக்கினு ரயிலேறி என்னாண்ட வந்துடுச்சு.”

சாவி என் கைப்பையில் இருந்தது. கைப்பை ஒன்பதாம் வகுப்பில் என் மேசைமேல் இருந்தது. பதினான்கு வயதுப் பெண் மூன்று முறை ஒரு பூட்டின் முன்னால் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அந்த மூன்று முறையும் நான் எல்லோருக்கும் நல்லவளாக இருந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் போனபின் தலைமை ஆசிரியை சப்ஸ்டிடியூஷன் நோட்டைக் கேட்டார். தினமும் அதில் கையெழுத்துப் போட்டவர்தான், அன்றைக்குத்தான் படித்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அடுத்த பக்கம். எல்லா வரியிலும் என் பெயர்.

“என்னம்மா இது, கையெழுத்துப் பயிற்சி நோட்டா? நீ ஏ.எச்.எம்மா இல்ல ஸ்டெப்னியா? எந்த டயர் போனாலும் நீயே போய் மாட்டிக்குவியா?”

“பொறுப்ப வேணா திருப்பிக் குடுத்துடு. தப்பா நெனைக்க மாட்டேன்” என்றும் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒளிந்துகொள்ள வண்டி தேடவில்லை, அம்மாவின் பக்கத்தில் ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்தேன். வியாபார நேரம். அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. “ஏய், ஐஸ் எட்தா.” “யக்கா, அந்தச் சங்கரா மீன கொஞ்சம் ஆஞ்சு குட்து அனுப்பு.” “தம்பி, ரெண்டு டீ சொல்லு, பொண்ணு வந்துகீது.” அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களும் இவளை அப்படித்தான் வேலை வாங்கினார்கள். ஏன் நீயே போய் ஐஸ் எடுத்து வரக் கூடாது என்று கேட்டேன்.

“நான் எந்திரிச்சுட்டா வாடிக்க வந்து பாத்துட்டுப் பூடும்டி.”

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வேலை வாங்கியதில்லை என்று சற்றுமுன் அழகாகச் சொன்னேன் அல்லவா? பொய். அம்மா ஒரு கோணிமேல் உட்கார்ந்தபடி பாதி மார்க்கெட்டை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள், இருபத்தைந்து வருடமாக. எனக்குத்தான் அவள் தலைச்சுமை மட்டும் தெரிந்திருந்தது. மாசிலாமணி சார் சைக்கிள் கடையிலிருந்து சரியானதை எடுத்து வந்தார், மெஹருன்னிசா மேடம் ஜவுளிக்கடையிலிருந்து எடுத்து வந்தார். நான் மட்டும் மீன் கூடையிலிருந்து தப்பானதை எடுத்து வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை நான்கு பேர் விடுப்பு. நோட்டைப் பிரித்தேன். 8 - பி, மூன்றாம் பாடவேளை, சுந்தரமூர்த்தி. எழுதிவிட்டு ஒருமுறை எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். செல்வி அக்கா சீட்டை வாங்கிப் படித்தார்.

“சாருக்கா? நெஜமாவா மேடம்?”

“நெஜமாத்தான்க்கா. குடுத்துட்டு வாங்க.”

அவர் போய் வரும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவர்க் கடிகாரத்தை. செல்வி அக்கா கையெழுத்தோடு திரும்பி வந்தார். சார் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம்.

மூன்றாம் பாடவேளை முடிந்ததும் சார் என் அறைக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. கடலைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். சரி, இன்றைக்கும் குத்து விழப்போகிறது என்று நினைத்தேன்.

“அந்தக் கிளாஸ்ல கரும்பலகை பாதி உடைஞ்சிருக்கு. எழுதுனா கண்ணுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“எப்படித் தெரியும், உக்காந்து கேட்டாத்தான?” ஒரு கடலையை உரித்தார். “நானும் இந்த நாற்காலில மூணு மாசம் இருந்தேன்மா, ரொம்ப வருஷம் முன்ன. எனக்கும் கை வரல. என் கூடவே வேலைக்குச் சேந்தவன் ஒருத்தன். அவனுக்கு ஒரு நாள் சீட்டு அனுப்புனேன். அன்னையிலருந்து பேசறத நிறுத்திட்டான். ரிட்டையர் ஆகிப் போறவரைக்கும் பேசல. அதோட சாவியக் குடுத்துட்டேன். நீயும் என்ன மாதிரி ஆயிடுவியோன்னுதான் அன்னைக்குக் கேட்டேன்.”

“நான் அனுப்புனதுக்கு நீங்க பேசறத நிறுத்திடுவீங்களா சார்?”

“நிறுத்தினா கடலைய யார் கூடத் தின்றது?”

அதற்குப்பின் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கு வடை எடுத்து வைப்பது நின்றது. முணுமுணுப்பவர் முணுமுணுத்தார். பாடக்குறிப்பு கொடுத்த அக்கா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் ஊறுகாய் கொண்டுவந்தார். ஆனால் என் அறைக்கு ஆள் வந்தது. மாணவிகள் வந்தார்கள். வகுப்பில் விளக்கு எரியவில்லை, அப்பா வீட்டில் அடிக்கிறார், கண் தெரியவில்லை, தமிழ் ஐயா ரொம்ப வேகமாகப் போகிறார். இவ்வளவும் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறது. யமுனா இப்போது பிளஸ் ஒன். எதிரில் வந்தால் கையாட்டிவிட்டு, சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டு போகிறாள். அவளுக்கு அந்தப் புதன்கிழமை மறந்தே போயிருக்கும். மறக்கட்டும்.

கார்பன் தாள் போய்விட்டது. சீட்டு போய்விட்டது. இப்போது காலையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போடுகிறேன், கட்டை விரல்கள் வரிசையாக வந்து விழுகின்றன. ஒரு கட்டை விரலுக்குப் பின்னால் எவ்வளவு எரிச்சல் என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. அந்த வகையில் இது ஒரு வசதி. பின்பக்க கேட் இருந்த இடத்தில் மதில் எழுப்பிவிட்டார்கள். மெஹருன்னிசா மேடத்தின் வாப்பா கடை இருந்த இடத்தில் மொபைல் கடை வந்திருக்கிறது. நாப்கின் பீரோவை மாணவிகள் கழிப்பறைக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டேன். அதற்குப் பூட்டு கிடையாது. அந்தச் சாவியைப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். காலையில் ஒரு பெயர் எழுதும்போது என் பேனாவை நிறுத்திய அந்தப் பயமும் எப்போது போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

இந்த மாதம் மாறுதலில் ஒரு மூத்த ஆசிரியர் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார். முறைப்படி பார்த்தால் இனிமேல் ஏ.எச்.எம். அவர்தான். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, “ஒரு வழியா உனக்கு விடுதலை. அவர்கிட்ட குடுத்துடலாமா?” என்றார். புதியவரிடம் நானே போய்ப் பேசினேன். அவருக்கு மதுராந்தகத்திலிருந்து தினமும் ரயில், சீக்கிரம் வர முடியாது, விருப்பமில்லை என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். ஆனால் இந்தத் தடவை பட்டியல் என்னிடம் வந்து நிற்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. உதவித் தலைமை ஆசிரியர் பணியைத் தொடர்ந்து செய்ய விரும்புகிறேன் என்று ஒரு முழுத்தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் கொடுத்தேன். செல்வி அக்கா வாங்கி, முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் எண் போட்டுவிட்டார்.